கழிவுநீர்க் கிணறும் அபாய மணியும்



பாதாளச் சாக்கடைத் தண்ணி சரிவில் ஓடிவந்து, பள்ளமான இடத்திலுள்ள பம்பிங் ஸ்டேஷன் கிணற்றில் விழுகிறது. அங்கிருந்து மோட்டார்தான் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுகிறது. மோட்டார் நின்றுபோனால்? கிணறு நிரம்பி, பள்ளத்தெரு மேன்ஹோல் வழியே பொங்கும். பள்ளத்தெருவில் குடியிருப்பவர்கள் யார் என்று நமக்கெல்லாம் தெரியும்.

இதைத் தடுக்கக் கிணற்றில் நான்கு ஃப்ளோட் சுவிட்ச் தொங்கவிடலாம். கீழிருந்து மேலாக: மோட்டார் நிற்க, முதல் மோட்டார் ஓட, ஸ்டாண்ட்பை மோட்டார் ஓட, கடைசியாக அலாரம். அலாரம் வந்ததும் ஜி.எஸ்.எம். மோடம், ஆபரேட்டர் செல்போனுக்குச் செய்தி அனுப்பும்.

அலாரத்தை எந்த உயரத்தில் வைப்பது? ஒரு கணக்குப் போடுவோம். கிணற்றின் விட்டம் 4 மீட்டர் என்றால் பரப்பு 12.56 சதுர மீட்டர். வரத்து விநாடிக்கு 20 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1.2 கன மீட்டர். அலாரத்துக்கு மேல் 1 மீட்டர் இடம் விட்டால் சுமார் 10 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆபரேட்டர் வந்துசேர அரைமணி ஆகுமென்றால் 36 கன மீட்டருக்கு இடம் வேண்டும், உயரம் 2.87 மீட்டர். அவ்வளவு ஆழம் எல்லாக் கிணற்றிலும் கிடைக்காது. எனவே கரண்ட் போனாலோ, மோட்டார் ட்ரிப் ஆனாலோ, தண்ணி ஏறும்வரை காத்திராமல் உடனே செய்தி போக வேண்டும்.

மூன்று விதிகளை மறக்கக் கூடாது.

1. அலாரத்துக்குத் தனி பேட்டரி வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில்தானே அது தேவை!

2. அலாரம் சுவிட்ச் நார்மலி க்ளோஸ்டு முறையில் இருக்கட்டும். வயர் அறுந்தாலும் மணி அடிக்கும். 4-20 மில்லி ஆம்பியர் சென்சாரில் காலிக் கிணறு 4 காட்டும். 0 காட்டினால் வயரில் கோளாறு.

3. தினம் ஒருமுறை 'நலம்' என்று மோடம் செய்தி அனுப்ப வேண்டும். அது வரவில்லையென்றால் அதுவே அபாயம்.

எங்க அப்பா ஒரு பம்பிங் ஸ்டேஷனில் நைட் டூட்டி பார்ப்பவர். அங்கே அலாரம் கிடையாது. டார்ச் அடித்துக் கிணற்றை எட்டிப் பார்த்துத்தான் மட்டம் தெரிந்துகொள்வார். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. அளவு குறைவாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. பாதுகாப்புச் சாதனமின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்கக்கூடாதென 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்சநீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும், ஆள் வருவாரா?

எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தோழர்களே, இதை எடுத்துச் செய்யுங்கள். ஒரு மனிதர் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் குறைந்தால், நாம் படித்த படிப்புக்கு அது போதும்!