எப்போது பந்தைக் கீழே வைப்பது?

"இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருக்கலாமே!"

2024 டிசம்பர் 18-ம் தேதி பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு, சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக ரவிச்சந்திரன் அஸ்வின் அறிவித்தபோது, நம்மூர் டீக்கடைகளில் பலர் இப்படித்தான் ஆதங்கப்பட்டார்கள். "முப்பத்தெட்டு வயசாச்சு, போதும்ப்பா" என்றவர்களும் உண்டு.

யார் சொன்னது சரி? இது கிரிக்கெட் கேள்வி மட்டுமல்ல, உடம்பைப் பற்றிய கேள்வியும்கூட. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை விளாங்குடிப் பக்கம் காலி மனையில் டென்னிஸ் பால் வீசும் நாற்பது வயதுக்காரருக்கும், திங்கட்கிழமை அவர் தோளில் தைலம் தேய்த்துவிடும் மனைவிக்கும் இதில் பாடம் இருக்கிறது.

வலி வந்தாலே விட்டுவிடணுமா?

அஸ்வின் ஓய்வைப் பற்றி முதலில் யோசித்தது 2024-ல் அல்ல. 2018-க்கும் 2020-க்கும் இடையிலேயே பலமுறை யோசித்ததாக அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆறு பந்து வீசினாலே மூச்சு வாங்கியதாம். முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநார் நோவு; அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் இன்னொரு நோவு.

அவர் சொன்னதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முழங்கால் வலித்தால், அடுத்த பந்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துள்ளுவார். துள்ளல் குறைந்தால் அந்த விசையை வயிறு, முதுகு, தோள் மூன்றும் கொடுக்க வேண்டும். உடனே அடிவயிற்று வலி தலைதூக்கும். அதைத் தவிர்க்க உடம்பைப் பக்கவாட்டில் இன்னும் திருப்புவார். ஓர் ஓவர் முடிவதற்குள் உடம்பு 'போதும்' என்றுவிடும். ஓரிடத்து வலியை மறைக்கப் போனால் சுமை இன்னோர் இடத்துக்குப் போகும் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

2021 ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்டை மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி நாள் காலை அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, குனிந்து ஷூ லேஸ்கூடக் கட்ட முடியவில்லை என்று மனைவி பிரீத்தி எழுதினார். அன்றைக்குத்தான் ஹனுமா விஹாரியோடு நின்று, 128 பந்துகளைச் சமாளித்து மேட்சை டிரா செய்தார்!

அப்போதே விட்டிருந்தால்? அந்த 2021-ல் உலகிலேயே அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அவர்தான்: 54. 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் 500-வது விக்கெட்டையும் தொட்டார். ஆக, வலி என்பது ஓய்வுக்கான கடிதம் அல்ல. 'என்னைக் கவனி' என்று உடம்பு அனுப்பும் நோட்டீஸ், அவ்வளவுதான். வைத்தியம் பார்த்தால் சரியாகும் நோவு வேறு, வயசு போடும் எல்லைக்கோடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முப்பத்தெட்டு

அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? ஒரு சின்ன ஆச்சரியம். நம்ம வெங்கட்ராகவன் கடைசி டெஸ்ட் ஆடியது 1983-ல், 38 வயதில். கும்ப்ளே 2008 நவம்பரில் டெல்லியில் விடைபெற்றபோது 38. முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலேயில் விடைபெற்றபோதும் 38. அஸ்வினுக்கும் அதே 38!

இது விதி அல்ல. வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 41 வயது வரை, 2024 ஜூலை வரை, டெஸ்ட் ஆடினார். ஆனால் காரணம் இல்லாமலும் இல்லை. முப்பதைத் தாண்டியதும் தசையின் பலம் மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. தசைநாருக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது ஆறவும் நாளாகும். இருபது வயதில் ஒரு ராத்திரித் தூக்கத்தில் போகும் வலி, நாற்பதில் ஒரு வாரம் நிற்கும். அஸ்வின் டெஸ்டில் மட்டும் வீசிய பந்துகள் 27 ஆயிரத்துக்கும் மேல். வலைப்பயிற்சிக்குக் கணக்கே இல்லை!

சரியான நேரம் எது?

1994-ல் கபில்தேவ், ஹாட்லியின் 431 விக்கெட் சாதனையை அகமதாபாத்தில் தாண்டினார். அந்த எண்ணுக்காகவே இழுத்துப் பிடித்து ஆடினார் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. முரளி செய்தது நேர் எதிர். 800-க்கு இன்னும் எட்டு விக்கெட் பாக்கி இருக்கும்போதே 'இதுதான் என் கடைசி டெஸ்ட்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எட்டும் கிடைத்தது அவர் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டாலும் போயிருப்பார்.

அஸ்வின் எப்படி? 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக செஞ்சுரியும் அடித்து, ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டும் எடுத்தார். மூன்றே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் முதல் மூன்று டெஸ்டில் ஒன்றில்தான் இடம் கிடைத்தது. 106 டெஸ்ட், 537 விக்கெட்டோடு கிளம்பிவிட்டார். திறமை தீர்ந்து போகவில்லை, தேவை குறைந்திருந்தது. அதைப் பிறர் சொல்லும் முன் தானே சொன்னார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கும் விடை கொடுத்தார். அதன் பிறகு பிக் பாஷ் ஆட ஆஸ்திரேலியா போக இருந்தவரை, நவம்பரில் முழங்கால் காயம் தடுத்துவிட்டது. முழங்கால் தன் கணக்கை மறப்பதில்லை!

உங்கள் வீட்டில்...

* ஆட்டம் முடிந்து இரண்டு நாளில் போகும் வலி சாதாரணம். இரண்டு வாரமாகியும் போகாவிட்டால், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், மூட்டு வீங்கினால், கால் மரத்துப்போனால் எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

* வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடப் போவது வேண்டவே வேண்டாம். அடிக்கடி போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கும்.

* நாற்பது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு ஆடுங்கள். விளையாடும்போது நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் 'வாய்வு' என்று உட்கார்ந்துவிடாதீர்கள்; உடனே ஆஸ்பத்திரி!

* வளர்கிற பையன் வேகப்பந்து வீசுகிறானா? தினமும் வீச விடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக முதுகு வலித்தால், எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். நம்ம பாலாஜியைச் சில வருடம் இந்திய அணியிலிருந்து வெளியே உட்கார வைத்தது இந்த முதுகு விரிசல்தான்.

நிறுத்திய பிறகு?

ஆட்டத்தை விட்டவர்கள் செய்யும் பெரிய தப்பு, உடம்பை அசைப்பதையே விட்டுவிடுவது. ஓட்டம் நின்றுவிடும், பசி நிற்காது. பழைய அளவிலேயே சாப்பாடு தொடர்ந்தால் தொப்பை, அதன் பின்னாலேயே சர்க்கரை. மனசும் வெறிச்சென்று ஆகும். எனவே ஒரேயடியாக நிறுத்தாமல், பந்து வீச்சைக் குறைத்துக்கொண்டே நடை, நீச்சல், சைக்கிள் என்று மாறுங்கள். ஆட்டத்தோடு உறவையும் விட்டுவிட வேண்டாம். வெங்கட்ராகவன் ஆடியது 57 டெஸ்ட். ஓய்வுக்குப் பிறகு அம்பயராக நின்றது 73 டெஸ்ட்!

விளாங்குடி அப்பாக்களும் அப்படியே செய்யலாம். பந்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, அம்பயராகப் போய் நில்லுங்கள். வைடு கொடுக்க மறந்துவிடாதீர்கள்!