ஆஃப்லைனில் படிப்பது எப்போது தொடங்கியது?

கேள்வி: கம்ப்யூட்டரில் ஓர் இணையப் பக்கத்தை 'சேவ்' செய்தால் ஒரு ஃபைலோடு ஒரு ஃபோல்டரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. செல்போனில் ஒரே ஃபைல்தான். ஏன் இப்படி? இணையம் இல்லாமல் படிக்கும் இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் யார்?
– வாசகர் ஒருவர், தேனி

பதில்: யோசிக்க வைத்தது போன் பில். 1990களின் நடுவில் வீட்டுக்கு இணையம் வந்தது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். பெரும்பாலான ஊர்களில் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம் காசு. இந்தியாவில் விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோதும் இதே கதை. ஆற அமரப் படிப்பதற்கு மீட்டர் ஓடுவானேன்? பக்கத்தை இறக்கிக்கொண்டு, லைனைத் துண்டித்துவிட்டுப் படிக்கலாமே என்று பலருக்கும் தோன்றியது. இவர்தான் முதல்வர் என்று ஒருவருக்குப் பட்டம் கட்டினால் அது அநியாயம்.

ஆனாலும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். குரோஷியாவைச் சேர்ந்த ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996 ஜனவரியில் ஒரு நிரலை வெளியிட்டார். பிறகு அதற்கு 'டபிள்யூகெட்' என்று பெயர் நிலைத்தது. ஒரு தளத்தின் முகப்பைக் காட்டிவிட்டால் போதும். லிங்க் லிங்காகப் பிடித்துக்கொண்டு போய் முழுத் தளத்தையும் இறக்கிவிடும். லினக்ஸ் பழகியவர்கள் இன்றும் கைவிடாத கருவி. 1998ல் பிரான்சின் சேவியர் ரோஷ் இதே வேலைக்கு 'எச்டிடிட்ராக்' செய்தார்.

இனி உங்கள் ஃபோல்டர். எச்டிஎம்எல் ஃபைல் ஒரு மளிகைச் சீட்டு மாதிரி. எழுத்து இருக்கும், படங்கள் எங்கே கிடைக்கும் என்ற முகவரி இருக்கும், சரக்கு இருக்காது. பிரவுசர்தான் ஒவ்வொன்றாகப் போய் வாங்கி வருகிறது. 'சேவ்' செய்யும்போது வாங்கியதையெல்லாம் ஃபோல்டரில் போட்டு, முகவரிகளையும் அந்த ஃபோல்டரைப் பார்த்துத் திருப்பி எழுதிவிடுகிறது. அதனால்தான் ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் படங்களைக் காணோம்.

ஒரே ஃபைலாக்கும் வழி பிறந்தது மின்னஞ்சலில். படத்தோடு கூடிய பக்கத்தை மெயிலில் அனுப்பினால் எல்லாம் ஒரே கட்டாகப் போக வேண்டுமே! அதற்காக ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் யாகோப் பால்மேயும் மைக்ரோசாஃப்டின் அலெக்ஸ் ஹாப்மனும் 1997 மார்ச்சில் எம்எச்டிஎம்எல் என்ற முறையை வகுத்தார்கள். படங்களையும் எழுத்துகளாக மாற்றி ஃபைலுக்குள்ளேயே வைத்துக் கட்டும் முறை அது. 1999ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 பக்கங்களைச் சேமிக்க இதையே எடுத்துக்கொண்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் க்ரோம் இறக்கி வைக்கும் பக்கமும் இதே வகைதான். கம்ப்யூட்டர் க்ரோமிலும் 'சேவ் ஆஸ்' பட்டியலில் 'சிங்கிள் ஃபைல்' என்று தேர்ந்தால் ஃபோல்டர் தொல்லை விட்டது.

சேமிப்பதையே தொழிலாக்கிய செயலிகளும் வந்தன. 2007ல் 'ரீட் இட் லேட்டர்' என்று தொடங்கி 'பாக்கெட்' என்று பெயர் மாறிய செயலியை மோசில்லா 2017ல் வாங்கி, 2025 ஜூலையில் மூடியே விட்டது. அதனால் முக்கியமான பக்கத்தை ஒரு செயலியின் கணக்கை நம்பி விடாதீர்கள். ஃபைலாக உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போதாது, ஒரு நூலகமே வேண்டும் என்றால் 'கிவிக்ஸ்' என்ற இலவசச் செயலியைப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கி இணையமே இல்லாமல் படிக்கலாம்.