திரையில் கண்டதும் தட்டில் உண்பதும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். அதன் பொருளைச் சென்ற ஆண்டு எங்களுக்கு உணர்த்தியது ஒரு கோழி முட்டை!

எங்கள் தோழி ஒருத்தி விடுமுறையில் தன் அத்தை வீட்டில் ‘வாட் த ஹெல்த்’ என்னும் ஆவணப்படத்தைப் பார்த்து வந்தாள். அது 2017-ல் வெளிவந்த அமெரிக்கப் படம். நாளும் ஒரு முட்டை உண்பது ஐந்து சிகரெட் புகைப்பதற்கு ஒப்பாகும் என்று அதில் கூறப்படுகிறது. அவ்வளவுதான்! எங்களில் ஐவர் மதிய உணவு முட்டையைத் தொடுவதையே விட்டுவிட்டோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வீட்டார் விரதம் இருப்பதும், தவக்காலத்தில் எங்களுள் சிலர் புலால் தவிர்ப்பதும் பக்தியால். நாங்கள் விட்டதோ வெறும் பயத்தால்.

இதனை அறிந்த எங்கள் அறிவியல் ஆசிரியை கோபிக்கவில்லை. “விசாரித்து வந்து சொல்லுங்கள்” என்றார். விசாரித்தோம்.

முட்டையின் மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் உள்ளது உண்மையே. ஆனால் நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக் கொள்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டிக் குறிப்பே 2015-ல் நீக்கிவிட்டது. (சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.) சிகரெட் புகையிலோ புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் அறுபதுக்கும் மேல். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படித் தகும்?

அப்படியானால் இத்தகைய படங்கள் எல்லாம் பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2004-ல் வெளிவந்த ‘சூப்பர் சைஸ் மீ’ படத்தில் மார்கன் ஸ்பர்லாக் என்பவர் 30 நாட்கள் மெக்டொனால்ட்ஸ் உணவையே உண்டு, சுமார் 11 கிலோ எடை கூடினார். கல்லீரலும் கெட்டது என்றார். தமக்கு நெடுங்கால மதுப்பழக்கம் உண்டென்று 2017-ல் அவரே ஒப்புக்கொண்டார். படம் அதை நமக்குச் சொல்லவில்லை. எனினும் சுவீடன் நாட்டில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 18 பேரை நான்கு வாரம் துரித உணவு உண்ணச் செய்தபோது, அவர்களிலும் பலருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு உயர்ந்தது. ஆகவே படம் சொன்னது முழுப் பொய்யன்று. ஒரே ஒரு மனிதரை வைத்து ஊருக்கெல்லாம் சொன்னதே அதன் குறை.

2024-ல் வந்த இரட்டையர் பற்றிய படம் இவற்றினும் மேல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 22 இரட்டையர் இணைகளைக் கொண்டு, இணையில் ஒருவருக்குத் தாவர உணவும் மற்றவருக்கு அசைவமும் சேர்ந்த உணவும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தனர். தாவர உணவு உண்டோர்க்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாகக் குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் கலந்துகொண்டோர் உணவுக்குக் குறைவில்லாத, நலமுள்ள பெரியவர்கள். இங்கேதான் நாங்கள் சற்று நின்று யோசித்தோம். படம் யாருக்காக எடுக்கப்பட்டது? அளவுக்கு மீறி உண்போர்க்கு. நாமோ?

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதாவது எங்கள் வயதினர்! முட்டையில் இரும்புச் சத்து அதிகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் இருக்கின்றன. உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் சேராது. (தேநீர் இல்லாமல் காலை உணவு இறங்காத அன்னையர் கவனிக்க!) ஆனால் முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் உண்டு. தாவர உணவில் கிடைக்காத பி12 வைட்டமினும் உண்டு. அது குறைந்தாலும் சோகை வரும். 1982 ஜூலை முதல் நாள் முதல்வர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று பள்ளி நாள்தோறும் முட்டை தருவது வீணுக்கல்ல.

நாங்கள் கண்டதை வகுப்பில் படித்துக் காட்டினோம். மறுநாள் ஐவரில் நால்வர் முட்டை வாங்கிக்கொண்டோம். ஐந்தாமவள் மட்டும், முட்டை உண்ணாதோர்க்குத் தரும் வாழைப்பழத்தையே இன்றும் வாங்குகிறாள். அவளுக்கு முட்டை வாசனையே பிடிக்காதாம். படம் ஒரு சாக்குத்தானாம்!