ஊறுகாய்ப்புல்லுக்கு ஏற்ற மாற்றுப் பயிர்கள்

கறவை மாட்டுக்கு ஆண்டு முழுவதும் தீவனம் வேண்டும். பசும்புல்லோ சில மாதங்களில் மட்டுமே மிகுதியாகக் கிடைக்கிறது. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல் முறையாகும். இதற்கு மக்காச்சோளமே சிறந்த பயிராகக் கருதப்படுகிறது. ஆயின், மக்காச்சோளம் செழிக்காத நிலப்பகுதிகளில் என்ன செய்வது?

கொல்கத்தாவின் அலிப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு 24 பர்கானா மாவட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சுந்தரவனத்தை அடுத்த அதன் தாழ்நிலங்களில் மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. கோடையில் மண்ணில் உப்பு மேலெழுகிறது. மாடுகளுக்கு முதன்மைத் தீவனம் நெல் வைக்கோல். அதில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. மழைக்காலப் புல்லை உலர்த்திச் சேமிக்கவோ வெயில் போதாது. 2009 மே மாதம் ஐலா புயலிலும், 2020 மே மாதம் அம்பான் புயலிலும் கரைகள் உடைந்து உவர்நீர் வயல்களில் புகுந்தது. இத்தகைய வேளையில் சேமிப்புத் தீவனம் இல்லாத குடும்பம் மாட்டை மலிவு விலைக்கு விற்க நேரிடும்.

பயிர்த் தேர்வு

மக்காச்சோளம் உப்பையும் நீர்த்தேக்கத்தையும் தாங்காது. எனவே மேட்டு நிலத்துக்கே ஏற்றது. சோளம் உப்பை ஓரளவு தாங்கும். இளஞ்சோளத்தில் நச்சுப்பொருள் உண்டாதலால், பூத்த பின்னரே அறுவடை செய்தல் வேண்டும். நெல் அறுவடைக்குப் பின் சிறிதளவு பாசன வசதியுள்ள வயல்களில் ஓட்ஸ் பயிரிடலாம். வரப்புகளிலும் குளக்கரைகளிலும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் வளர்க்கலாம். இதில் ஈரம் மிகுதி, சர்க்கரை குறைவு. ஆதலால் வெட்டிய புல்லைச் சிறிது வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ கழிவுப்பாகு சேர்த்தல் நலம். காராமணி புரதம் மிக்கது. ஆனால் தனியே எளிதில் புளிக்காது. அதனைச் சோளத்துடன் கலந்து பதப்படுத்தலாம்.

இப்பயிர்கள் மக்காச்சோளத்துக்கு முற்றிலும் ஈடாகா என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். கதிரோடு வெட்டிய மக்காச்சோளத்தில் மாவுச்சத்து மிகுதி. அதற்கு மாற்றாக ஒட்டுப்புல்லைக் கொடுத்தால், மிகுதியாகப் பால் தரும் மாட்டுக்கு அடர்தீவனத்தைக் கூட்டவேண்டும். இல்லையேல் பால் குறையும்.

பதப்படுத்தும் முறை

பயிரின் உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும்போது, அதனை 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நன்கு அழுத்தி, மூடுதல் வேண்டும். காற்றில்லாத நிலையில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே தீவனத்தை அழுகாமற் காக்கிறது. சுமார் 45 நாட்களில் தீவனம் பயன்படுத்தத் தக்கதாகும். நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு மணமும் கொண்டிருக்கும். பூசணம் பிடித்ததையும் அழுகல் நாற்றமுள்ளதையும் விலக்க வேண்டும்.

ஒரு மாட்டுக்கு நாள்தோறும் 20 கிலோ வீதம் 90 நாட்களுக்கு 1,800 கிலோ தேவை. சேதத்தையும் கருதி 2,000 கிலோ சேமிக்கலாம். ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 500 கிலோ அடங்கும் எனக் கொண்டால், 4 கனமீட்டர் இடம் போதும். நிலத்தடி நீர் மேலாக உள்ள இடங்களில் குழி தோண்டினால் நீர் ஊறித் தீவனம் கெடும். ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருப்போர் பெருங்குழியைத் திறந்தால், தீவனம் தீருமுன்பே காற்றுப்பட்டுக் கெடும். இவ்விரு காரணங்களாலும், மேடான இடத்தில் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் பைகளே சிறு உழவர்க்கு ஏற்றவை. ஒரு பையைத் திறந்தாலும் மற்றவை பழுதுறா.

ஆகவே, தீவன வளர்ச்சித் திட்டம் வகுப்போர் மாவட்டம் முழுமைக்கும் ஒரே பயிரைப் பரிந்துரைத்தல் பொருந்தாது. மேட்டுநிலம், நெல் வயல், வரப்பு என நிலத்தின் இயல்புக்கேற்பப் பயிரைத் தெரிந்து, விதையும் கரணையும் பைகளும் நறுக்கும் கருவியும் பருவத்துக்கு முன்பே கிடைக்கச் செய்தல் இன்றியமையாதது. மழைக்காலத்துப் புல் கோடைக்கும் பயன்பட்டால், உழவர் வீட்டின் பால் வருமானம் இடையறாது தொடரும்.