இசைவின்பேரில் விசாரணை: அமெரிக்க மாஜிஸ்திரேட் நீதிபதிகள்

மாஜிஸ்திரேட் என்றதும் கிரிமினல் வழக்குகளை விசாரிக்கும் நடுவரே நம் நினைவிற்கு வருவார். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் இச்சொல்லின் பொருள் வேறு. அங்கு மாவட்ட நீதிபதியைக் குடியரசுத் தலைவர் செனட் சபையின் ஒப்புதலுடன் நியமிக்கிறார்; நன்னடத்தை உள்ளவரை அவர் பதவியில் நீடிப்பார்; அவரது ஊதியத்தைக் குறைத்தல் இயலாது. முழுநேர மாஜிஸ்திரேட் நீதிபதியையோ மாவட்ட நீதிபதிகளே எட்டாண்டுக் காலத்திற்கு நியமிக்கின்றனர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவியைத் தோற்றுவித்தது. கட்சிக்காரர்கள் அனைவரும் இசைந்தால் சிவில் வழக்கு முழுவதையும் அவரே விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம் என 1979ஆம் ஆண்டுத் திருத்தம் வகைசெய்தது.

இசைவு எதற்கு? ஆயுட்காலப் பதவிப் பாதுகாப்புடைய நீதிபதியின் முன் வழக்காடுவது அரசியலமைப்பு அளித்துள்ள உரிமை. அதனை விட்டுக்கொடுப்பவர் தாமே மனமுவந்து விட்டுக்கொடுத்தல் வேண்டும். இதனால் அவர் பெறும் நன்மை பெரும்பாலும் காலமே. கிரிமினல் வழக்குகளுக்கு முன்னுரிமை உண்டாதலின் மாவட்ட நீதிபதியிடம் சிவில் வழக்கின் தேதி தள்ளிப்போகக் கூடும். கடுங்குற்ற வழக்குகளை விசாரிக்காத மாஜிஸ்திரேட் நீதிபதியால் உறுதியான தேதி குறிக்க முடிகிறது. மேல்முறையீடும் நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கே செல்லும்.

மறுத்தால் நீதிபதியின் மனத்தாங்கலுக்கு ஆளாவோமோ என்ற அச்சம் இயல்பானது. விதிகள் இதனை முன்னரே எண்ணியுள்ளன. இசைவுப் படிவம் நீதிமன்ற எழுத்தரிடமே செல்லும். அனைவரும் இசைந்தாலன்றி எவர் என்ன பதிலளித்தார் என்பது நீதிபதிக்குத் தெரிவிக்கப்படலாகாது. நம் அலுவலகங்களிலும் பின்பற்றத்தக்க ஏற்பாடு இது. ஆனால் ஒருமுறை தந்த இசைவை விரும்பியபோது திரும்பப் பெற இயலாது. அசாதாரணமான சூழ்நிலையை மெய்ப்பிக்க வேண்டும்.

கையெழுத்தே இல்லாவிடில்? 2003இல் 'ரோயல் எதிர் வித்ரோ' வழக்கில் இவ்வினா எழுந்தது. சிறைக் கைதி ஒருவர் சிறை மருத்துவ ஊழியர்கள்மீது தொடுத்த வழக்கு அது. பிரதிவாதிகள் இருவர் எழுத்தில் இசைவு தரவில்லை; எனினும் மாஜிஸ்திரேட் நீதிபதி முன் இறுதிவரை வழக்காடி வென்றனர். மறுக்கும் உரிமையை அறிந்தும் விசாரணையில் பங்குகொண்டதால் நடத்தையே இசைவாகும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். மௌனத்தில் சம்மதத்தைக் காண்பது ஆபத்தானது என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும், தோற்றிருந்தால் அவ்விருவரும் இக்குறையையே காட்டித் தப்பியிருக்க முடியும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நம் நாட்டில் அதிகாரமற்ற நீதிமன்றத்திற்குக் கட்சிக்காரரின் சம்மதத்தால் அதிகாரம் வந்துவிடாது. நம்மிடையே சம்மதம் பெரும்பங்கு வகிப்பது லோக் அதாலத்தில். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, சமரசத்தில் அளிக்கப்படும் தீர்வு நீதிமன்ற டிக்ரிக்கு ஒப்பானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. அமெரிக்கர் தீர்ப்பு எதுவென அறியாமல் நீதிபதியை மட்டும் ஏற்கிறார். மேல்முறையீட்டு உரிமை அவரிடமே இருக்கிறது. லோக் அதாலத்தில் நம்மவர் முடிவையே ஏற்றுக் கையெழுத்திடுகிறார். ஆகவே வாசகங்களை அவருக்குப் படித்துக்காட்டி, பொருளை விளக்கிய பின்னரே கையெழுத்துப் பெறுதல் வேண்டும்.