அளத்துப் படத்துக்கு எத்தனை டிபிஐ?

மரக்காணம் உப்பளத்தில் எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்யக் கொடுத்தால், கடைக்காரர் பெரும்பாலும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஓட்டித் தந்துவிடுவார். பட்டா, பத்திரத்துக்கு அது தாராளம். ஏ4 தாள் 2480-க்கு 3508 பிக்சலாக விழும், எழுத்து தெளிவாக இருக்கும். சின்னப் படத்தில்தான் சிக்கல். 35-க்கு 45 மி.மீ. பாஸ்போர்ட் படம் 300-இல் அகலத்துக்கு 413 பிக்சல்தான் தரும். பெரிதாக்கிச் சட்டம் போட்டால் முகம் கட்டம்கட்டமாக உடையும். அதற்கு 1200 வைக்கச் சொல்லுங்கள்.

அஞ்சலட்டை அளவுப் பிரின்டுக்கு 600 போதும். அதற்கு மேல் ஏற்றினால் கூடுவது கோப்பின் கனம்தான்: 300-ஐ 600 ஆக்கினாலே நான்கு மடங்கு. சொரசொரப்பான 'சில்க்' தாளில் போட்ட ஸ்டூடியோ படமென்றால், டிபிஐ ஏற ஏற முகத்தைவிடத் தாளின் புள்ளிகளே முன்னுக்கு வரும்.

நெகட்டிவ் இருக்கிறதா? பிரின்டை விட்டுவிடுங்கள். மூடியில் விளக்குள்ள ஸ்கேனராக இருக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு 2400 முதல் 3200 வரை. ஆக்ஃபா கிளிக் 3 கேமராவின் ஆறுக்கு ஆறு செ.மீ. நெகட்டிவுக்கு 1200-இலிருந்தே நல்ல படம் வரும். ஸ்கேனர் பெட்டியில் அச்சிட்ட 6400, 9600 எல்லாம் விற்பனைக்கான எண்கள். ஆப்டிகல் எது, மென்பொருள் ஊதிக்காட்டுவது எது என்று கேளுங்கள்.

அளத்துப் படத்தில் டிபிஐயைவிட என்னை உறுத்துவது வெள்ளை. எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் வெயிலில் மின்னும் உப்பு அம்பாரம் வெறும் திட்டாகிவிடும். மேலே மூடிய கீற்றின் ஓரம்கூடக் கரைந்துபோகும். 48 பிட் கலரில் வைத்து, ஹிஸ்டோகிராமின் வெள்ளை முனை வெட்டுப்படாமல் பார்க்க வேண்டும்.

கடலோர ஈரத்தில் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே ஸ்கேன் செய்யலாம், ஆனால் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் அல்ல. அதற்குத் தன் கண்ணாடிமேல் படிந்திருப்பது மட்டுமே கூர்மையாகத் தெரியும். நடுவே இன்னொரு கண்ணாடி வந்தால் எத்தனை டிபிஐ வைத்தாலும் மங்கல்தான். தடித்த, பழைய சிசிடி வகை அந்த இடைவெளியைச் சமாளிக்கும்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்மமாக்கியது பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியோடு. இத்தகைய காப்பகங்கள் மூலப்பிரதியை டிஃப் கோப்பாகத்தான் வைக்கின்றன. நீங்களும் டிஃப் கேட்டு, பென்டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொன்னால் அது சுருக்கித்தான் தரும். 600-க்குக் கொடுத்த காசு வீண்.