வெளியேறிய இலத்திரன் சொல்லும் செய்தி



மின்னோட்டம் செல்லும் கம்பி சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். மின்தடையே அதற்குக் காரணம். 1911 ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னெஸ் என்னும் அறிஞர் இரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை முற்றாக மறைந்தது. இதனையே மீகடத்தல் என்கின்றோம்.

1986 இல் சூரிச் நகரை அண்டிய ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பெட்நோர்ஸ், முல்லர் ஆகிய இருவரும் செப்பு ஒட்சைட்டுச் சேர்வையொன்று ஏறக்குறைய 35 கெல்வினில் மீகடத்தத் தொடங்குவதைக் கண்டனர். மறு ஆண்டே நோபல் பரிசு அவர்களை அடைந்தது. அதே 1987 இல் இத்திரியம் கலந்த வேறொரு செப்பு ஒட்சைட்டு 93 கெல்வினிலேயே மீகடத்தியாயிற்று. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைதரசனே அதனைக் குளிர்விக்கப் போதுமானது.

மீகடத்தியினுள் இலத்திரன்கள் சோடி சேர்ந்து இயங்குகின்றன. சோடியைப் பிரிக்கச் சத்தி வேண்டும். இதனாலேயே 'சத்தி இடைவெளி' தோன்றுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத இதனை அளப்பது எவ்வாறு?

ஊரை விட்டு வந்தவரிடம் ஊரின் நிலையைக் கேட்டறிகின்றோம் அல்லவா? அவ்வாறே, பளிங்கின் மீது ஒளியைச் செலுத்தி, வெளியேறும் இலத்திரனிடம் உள்நிலையைக் கேட்டறியலாம். 1905 இல் ஐன்ஸ்ரைன் தந்த விளக்கமே இதற்கு அடிப்படை. ஒளித்துணிக்கையின் சத்தி 21.2 இலத்திரன் வோல்ற்று, வேலைச் சார்பு 4.2, வெளியேறிய இலத்திரனின் இயக்கச் சத்தி 16.5 எனின், அது உள்ளே பிணைந்திருந்த சத்தி 21.2 − 4.2 − 16.5 = 0.5 ஆகும். வெளியேறும் கோணத்திலிருந்து மேற்பரப்புக்குச் சமாந்தரமான உந்தத்தையும் கணிக்கலாம். மேற்பரப்பையொட்டிய சில அணுப்படைகளிலிருந்தே இலத்திரன்கள் தப்பி வருவதால், பளிங்கை உயர் வெற்றிடத்தினுள்ளேயே பிளந்து ஆராய்வர்.

1993 இல் ஸ்ரான்போட் ஆய்வாளர் பிசுமது கலந்த செப்பு ஒட்சைட்டை இம்முறையால் ஆராய்ந்தனர். செம்பு-ஒட்சிசன் பிணைப்பின் திசையில் இடைவெளி பெரிதாயிருந்தது. அதற்கு 45 பாகைத் திசையிலோ ஏறத்தாழ இல்லை. ஈயம் போன்ற பழைய மீகடத்திகளில் இத்தகைய பெரும் வேறுபாடு இல்லை. 1996 இல் மீகடத்தல் தொடங்குவதற்கு முன்னரே, உயர்ந்த வெப்பநிலையிலும், சில பளிங்குகளில் இடைவெளி தென்பட்டது. இச்சேர்வைகளில் சோடியைப் பிணைப்பது எது என்பதில் இன்றும் அறிஞரிடையே உடன்பாடு இல்லை.

ஊரில் பௌதிகம் கற்பித்த நாட்களில் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டை நாம் பரீட்சைக்காகவே கற்பித்தோம். அது திறவாத கதவொன்றுக்கும் திறவுகோலாகலாம் என்று எம் மாணவர்க்குச் சொல்லத் தவறினோம். அக்குறை உங்கள் விடயத்திலும் நேரலாகாது என்றே இதனை எழுதுகின்றோம்.

பயிற்சி: மேற்கூறிய கணக்கில் இயக்கச் சத்தி 16.9 எனின் பிணைப்புச் சத்தி யாது? விடையைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குக.